நீக்காதே

ஓலெசுண்டில் நவம்பர்.
மூன்றரை மணிக்கே ஜன்னலில் துறைமுகம் போய்
என் முகம் வந்துவிடுகிறது.
கப்பலுக்கு வின்ச் செய்யும் கம்பெனி;
அதை எப்படி இயக்குவது என்று எழுதுவது
நானும் யூரனும்.
நாற்பத்தொரு கப்பல், நாற்பத்தொரு கையேடு,
மூலம் ஒன்றுதான்.

மூலத்தின் மேல் செருகுநிரல்கள்.
ஒன்று பொருளடக்கம் கோக்கும்.
ஒன்று, தலையில் வட்டம் சூடிய எங்கள் எழுத்து
பிடிஎஃப்பில் வெறும் கட்டமாகிவிடாமல் காக்கும்.
அவற்றுக்கும் மேல் கப்பலுக்கு ஒரு குட்டி அமைப்புக் கோப்பு:
ஊர் எப்படியோ போகட்டும், எனக்கு இப்படி
என்று அடம் பிடிக்கும்.
மென்பொருளும் மறுக்காது.
கடைசியாகப் பேசியவர் பேச்சைக் கேட்கும் சுபாவம் அதற்கு.

மூன்றாம் பதிப்பிலிருந்து நான்குக்கு மாறும் வாரம்.
பழைய பெயர்கள் இனிச் செல்லாது.
யூரன் துடைப்பத்தோடு வந்தவன் மாதிரி வந்தான்.
"எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாம்.
யாருக்கு இந்த எட்டு மில்லிமீட்டர் ஓரம்?
யாருக்கு இந்தச் சாம்பல் எழுத்து?"

பாதி சரிதான்.
இரண்டு கோப்புகள், மூடிப்போன கம்பெனிகளுக்கு
இன்னமும் லோகோ பொருத்திக்கொண்டிருந்தன.
ஒன்று, முற்றுப்புள்ளியை மட்டும் தடித்துப் போட்டது;
ஏன் என்று அதற்கே தெரியாது.
நீக்கினோம், தொகுத்தோம். நீக்கினோம், தொகுத்தோம்.
ஒவ்வொரு முறையும் பச்சை டிக்.
பச்சை டிக்குக்குப் படிக்கத் தெரியாது.

ஆறு மணிக்கு ஹாவ்ஸ்கார்வென் முறை.
அதில் எச்சரிக்கைப் பெட்டிக்கு மட்டும் தனிச் சட்டம்.
சிவப்பு: இல்லை.
ஓரம்: சாய்கோடு, தடிமன் மூன்று.
‘அபாயம்’ என்ற சொல் இரண்டு முறை.
தலைமாட்டில் ஒரு குறிப்பு:
நீக்காதே. — ஓ.

ஓ என்றால் ஓஸ்முண்ட்.
இந்த நாற்காலியை விட்டு நான்கு வருடம்;
பெர்கனில் படகு பழுதுபார்க்கிறார்.
"அசிங்கமாக இருக்கிறது" என்றான் யூரன்.
அசிங்கம்தான். மற்றவை எல்லாம்
சிவப்பில் அழகாகக் கத்திக்கொண்டிருக்க
இது மட்டும் ஜெயில் சட்டை போட்டு நின்றது.
நீக்கினேன். நான்தான்.
பச்சை டிக்.

தூக்கம் பிடிக்கவில்லை.
காலையில் போன் செய்தேன்.
பின்னால் கடற்காக்கைகள், ஒரு சுத்தியல்.
"அவருக்குச் சிவப்பு தெரியாது" என்றார்,
நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வது போல.
"யாருக்கு?"
"தூர்கில்ஸ். அந்தக் கப்பலில் வின்ச்சில் நிற்பவர்.
சிவப்பும் பழுப்பும் ஒன்று அவருக்கு.
எண்ணெய்க்கறை என்று நினைத்து
அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டார்.
கம்பிவடம் அறுந்தது.
சுண்டுவிரலோடு போயிற்று."
சுத்தியல் நின்றது.
"வெளியே தெரிந்தால் வேலை போகும் என்றார்.
அதனால்தான் காரணம் எழுதவில்லை."
"இன்னும் கப்பலில் இருக்கிறாரா?"
"யாருக்குத் தெரியும்."

மீட்பது சுலபம்; மூன்று சொடுக்கு.
எங்கே வைப்பது என்பதுதான்.
அவர் கப்பலின் கோப்பில் வைத்தால்
அந்த ஒற்றை வரி அவரைக் கைகாட்டும்.
இன்றில்லாவிட்டாலும்,
துடைப்பத்தோடு அடுத்து வருபவன்
ஏன் என்று கேட்பான், யார் என்று கேட்பான்.

பொதுவில் வைத்தேன்.
நாற்பத்தொரு கப்பலிலும் சாய்கோடு,
நாற்பத்தொன்றிலும் ‘அபாயம், அபாயம்’.
ஒருவர் நடுவில் நின்றுகொள்ளலாம்.

யூரனிடம் காரணம் சொல்லவில்லை.
கறுப்பு வெள்ளை பிரிண்டரில் ஒரு பக்கம் எடுத்தான்,
தூரத்தில் பிடித்துப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லாமல் காப்பி எடுக்கப் போனான்.
வடிவமைப்புப் பிரிவிலிருந்து தூர்டிஸ் எழுதிக் கேட்டாள்:
இந்தக் கோரத்தை யார் கேட்டது?

பதிப்பு நான்கின் இயல்பே அதுதான்
என்று பதில் போட்டேன்.
கோப்பைத் திறந்து மேலே எழுதினேன்: நீக்காதே.
‘ஏனென்றால்’ என்று தொடங்கி
அதை மட்டும் அழித்தேன்.